தெரிந்து கொள்வோம்: மலையில் வெயில், மறுநிமிடம் மழை! ஏன்?



பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகள் கேட்கும் முதல் ஊர் கேமரன் மலைதான். தாப்பாவில் பஸ் கிளம்பும்போது சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். மலைப்பாதை வளைந்து வளைந்து ஏற ஏற, காற்று மாறும். ரிங்லெட்டை எட்டும்போது, "அம்மா, சன்னலைச் சாத்துங்க, குளிருது" என்று சின்னவன் நெருங்கி உட்காருவான். தானா ராத்தாவில் இறங்கும்போது வெயில் பளிச்சென்று அடிக்கும். ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் எதிரே இருந்த கடை வெள்ளைப் புகைக்குள் மறைந்துவிடும். பிறகு தூறல், பிறகு மழை, அரைமணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் வெயில்!

மலைக்கு ஏன் இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டு? இது மலையின் மனம்போன போக்கா, அல்லது இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறதா?

கணக்கு இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியக்கூடிய கணக்குத்தான். மலைக்குச் சுற்றுலா போகிறவர்களைவிட, மலையடிவாரத் தோட்டங்களில் குடியிருக்கும் நமக்குத்தான் அது மிகவும் வேண்டும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

ஒரு கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசைமேல் வையுங்கள். சிறிது நேரத்தில் குவளையின் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரவில்லை. சுற்றியிருந்த காற்றில் கலந்திருந்த நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் மறுபடி தண்ணீராகிவிட்டது.

காற்று எந்த நேரமும் தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. எவ்வளவு சுமக்கும் என்பது அதன் உஷ்ணத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள பெட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 டிகிரி சூடான காற்று இருந்தால், அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவி அதில் இருக்க முடியும். காற்று 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 17 கிராமுக்குத்தான் இடம். 10 டிகிரி என்றால் 9 கிராமோடு சரி.

அப்படியானால், 30 டிகிரியில் நிறைய நீராவியோடு இருந்த காற்று 20 டிகிரிக்கு இறங்கினால் மீதி 13 கிராம் எங்கே போகும்? தண்ணீர்த் துளிகளாகப் பிரிந்துவிடும். ஒரு பெட்டிக்கு இரண்டரைத் தேக்கரண்டித் தண்ணீர். நம் கண்முன் விரிந்திருக்கும் வானத்தில் இப்படி எத்தனை கோடிப் பெட்டிகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! மேகம், மூடுபனி, மழை எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒரே விஷயம்தான்: ஈரக் காற்று குளிர வேண்டும்.

மேலே போனால் ஏன் குளிர்கிறது?

"மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே, அங்கே சூடு அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது. சூடான தரைதான் காற்றைச் சூடாக்குகிறது. அப்படிச் சூடான காற்று மேலே எழும்பும்போது என்ன ஆகிறது என்பதை, மலைக்கு வாங்கிப் போகும் கெரோப்போக் பொட்டலமே காட்டிக்கொடுத்துவிடும்.

தாப்பாவில் வாங்கிய பொட்டலம் தானா ராத்தாவுக்குப் போனதும் பந்துபோல் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதற்குள் காற்று அடைக்கவில்லை. உயரே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்துகிற கை தளர்ந்ததால், பொட்டலத்துக்குள் இருந்த காற்று விரிகிறது. மலைமேல் ஏறுகிற காற்றும் இப்படியேதான் விரிகிறது.

விரிகிற காற்று குளிரும். அமுங்குகிற காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதும், டியூபின் வால்வைத் திறந்து காற்றைப் போகவிட்டால் விரலில் சில்லென்று படுவதும் இதனால்தான். மேலே ஏறுகிற காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குளிர்கிறது. சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவின் சராசரி உஷ்ணம் 18 டிகிரி அளவில் இருக்க, கீழே நம் ஊர்களில் அது 27 டிகிரியாக இருப்பதற்கு இந்த உயரமே காரணம். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி பதிவானது. நம் நாட்டு வானிலை நிலையங்களில் பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் அதுதான்.

மலை ஒரு ஏணி

தித்திவங்சா மலைத்தொடர் தீபகற்பத்தின் முதுகெலும்புபோல் வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று இந்தச் சுவரில் முட்டினால், அதைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் தண்ணீர் பிரியும். காற்றுக்கு மலை ஓர் ஏணி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நண்பகலில் தாப்பா பக்கம் காற்று 32 டிகிரி சூடாக இருக்கிறது. அதில் உள்ள ஈரம், 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் துளியாகிவிடும் அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று சுமார் 1,000 மீட்டர் ஏறியதும் மேகமாகத் தொடங்கும். ரிங்லெட் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பஸ் அங்கே போகும்போது பனி மூடுவது ஏன் என்று இப்போது தெரிகிறது அல்லவா? தாப்பாவில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது மேகம். ரிங்லெட்டில் நிற்பவருக்கு அதுவே மூடுபனி. பொருள் ஒன்று, பார்க்கும் இடம்தான் வேறு.

மேகம் உருவானபின் இன்னொரு விந்தை நடக்கிறது. கொதிக்கிற பானையில் தண்ணீர் ஆவியாக எவ்வளவு விறகு எரித்தோம்? அந்தச் சூடு எங்கும் போய்விடவில்லை, ஆவிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆவி மறுபடி தண்ணீராகும்போது அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மேகத்துக்குள் இருக்கும் காற்று அவ்வளவு வேகமாகக் குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவும் லேசாகவும் இருப்பதால் மேலும் மேலும் எழும்புகிறது. காலையில் பஞ்சுப்பொதிபோல் இருந்த மேகம், பிற்பகலில் 10, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோபுரமாக வளர்ந்து, தலை விரிந்து, அடி கறுத்து நிற்பது இந்த உள்சூட்டின் பலத்தால்தான்.

மலையின் அன்றாட நேர அட்டவணை

தோட்டத்தில் பெரட்டுக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம், பால் நிறுக்க ஒரு நேரம் இருப்பதுபோல, மலைக்கும் ஒரு நேர அட்டவணை உண்டு.

இரவில் மலைச்சரிவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல் சரிவு வழியே வழிந்து பள்ளத்தாக்கில் போய்த் தேங்கும். விடியற்காலையில் தேயிலைச் சரிவின் மேற்புறம் தெளிவாக இருக்க, பள்ளம் மட்டும் பால் ஊற்றியதுபோல் மூடுபனியால் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சூரியன் ஏறியதும் கதை தலைகீழாகிறது. சரிவுகள் சூடேறுகின்றன, காற்று அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு வானம் நீலமாக இருக்கும். பதினோரு மணிக்கு மலைமுகட்டில் சின்னச் சின்ன மேகங்கள் முளைக்கும். ஒரு மணிக்கு அவை ஒன்று சேரும். இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் இடியோடு மழை. ஒவ்வொரு நாளும் இப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பருவக்காற்று மாறுகிற ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பெரும்பாலும் இதுதான் நடப்பு. கேமரன் மலையில் மழை மிகுந்த மாதங்களும் இவையே. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு.

ஒரே சரிவில் ஒரு பக்கம் வெயிலும் மறுபக்கம் மழையுமாக இருப்பதும் இதன் தொடர்ச்சிதான். காற்று ஏறுகிற பக்கம் மேகம் கட்டும். மறுபக்கம் இறங்குகிற காற்று அமுங்கிச் சூடேறுவதால் மேகம் கரைந்துபோகும். காற்றின் திசை சற்றே மாறினால் வெயிலும் மழையும் இடம் மாறிக்கொள்ளும். மலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதாக நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மேகம் எல்லாம் மழையா?

இல்லை. மேகத்தில் இருக்கும் துளி மிக மிகச் சிறியது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்குதான். அதுவும் தனியாக உருவாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு தூசியோ, புகைத்துகளோ, கடலிலிருந்து பறந்து வந்த உப்புத்துகளோ வேண்டும். இத்தனை சிறிய துளி கீழே விழுவதற்குள் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும்.

மழைத்துளி ஒன்று உருவாக இப்படிப்பட்ட துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் ஒன்று சேரவேண்டும். மேகத்துக்குள் காற்று மேலும் கீழுமாக அலைக்கழிக்கும்போது பெரிய துளி சிறிய துளிகளை முட்டி விழுங்கிக்கொண்டே பெருக்கிறது. காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் விழுகிறது. அதுதான் மழை.

மேகம் 5,000 மீட்டருக்கு மேலே வளர்ந்துவிட்டால் அங்கே தண்ணீர் உறையும் குளிர். பனித்துகள்களும் கட்டிகளும் உண்டாகின்றன. அவை ஒன்றோடொன்று மோதி உரசுவதால் மேகத்துக்குள் மின்சாரம் சேர்கிறது. மின்னலும் இடியும் அதன் விளைவு. அந்தக் கட்டிகள் கரையாமல் வந்து விழும்போது நம் நாட்டிலும் எப்போதாவது ஆலங்கட்டி மழை பெய்வதுண்டு.

"அந்தி மழை அழுதாலும் விடாது" என்பார்கள் நம் பெரியவர்கள். பிற்பகலில் கொட்டித் தீர்த்த இடிமேகம் சட்டென்று மறைந்துவிடாது. அது வானமெங்கும் பாயாக விரிந்து, மணிக்கணக்கில் மெல்லத் தூறிக்கொண்டிருக்கும். அந்தத் தூறல் பட்டை ஈரமாகி, மறுநாள் காலை பால்வெட்டு நின்றுபோன நாள்களை ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோட்டில் ஓடாது. பட்டைமேல் வழிந்து வீணாகும். மங்கில் விழுவதும் மழைத்தண்ணீர்தான். மேகம் போட்ட கணக்கு நம் சம்பளக் கணக்கிலும் துண்டு விழச் செய்தது.

தைப்பிங்கும் ஜெலுபுவும்

மலை மழையைக் கொடுக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும். பேராக்கில் தைப்பிங் நகரம் லாருட் மலையின் காலடியில் இருக்கிறது. கடற்காற்று நேராக வந்து மலையில் ஏறுகிற இடம் அது. தீபகற்பத்தில் மிக அதிக மழை பெறும் நகரம் என்று அது பெயர் பெற்றதில் வியப்பில்லை. நெகிரி செம்பிலானில் ஜெலுபு வட்டாரமோ மலைகள் சூழ்ந்த பள்ளம். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் ஈரத்தை மலையின் மறுபக்கமே இறக்கி வைத்துவிட்டுத்தான் வரும். அதனால் நம் நாட்டில் மழை குறைந்த இடங்களில் ஒன்றாக அது இருக்கிறது.

ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளக்காடாக்கும்போது, மேற்குக் கரையில் நாம் துணி உலர்த்திக்கொண்டிருக்க முடிவதும் இடையில் தித்திவங்சா நிற்பதால்தான்.

இது நமக்கு ஏன் வேண்டும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று பொருள். 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஏறக்குறைய 100 டன் தண்ணீர்! தோட்ட ஆபீஸ் மழைமானியில் ஒரு விரல் உயரம் தெரிகிற மழைக்கே இந்தக் கணக்கு. மலைமேல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே பிற்பகலில் அதைவிடப் பல மடங்கு பெய்தால், அவ்வளவும் சரிவு வழியே ஒரு சிற்றாற்றுக்குள் வந்து சேரவேண்டும்.

மேகம் கட்டுவது மலைமேல். நாம் இருப்பது அடிவாரத்தில். ஆகவே நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீர் மரக்கட்டைகளையும் சேற்றையும் தள்ளிக்கொண்டு, ஒரு சுவர்போல் ஆற்றில் இறங்கி வருவதைத்தான் மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள்.

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி, பேராக்கில் கம்பாருக்கு அருகே போஸ் டீப்பாங் ஓராங் அஸ்லி குடியிருப்பில் இப்படி வந்த சேற்று வெள்ளம் 44 உயிர்களைக் கொண்டுபோனது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி, பழங்காலத்தில் கடாரம் வந்த கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற கெடாவின் ஜெராய் மலையில் கனமழை பெய்து, அடிவாரத்து யான், மெர்போக் வட்டாரங்களில் வெள்ளமும் கட்டைகளும் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது.

மண்ணுக்கும் ஞாபகம் உண்டு. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி விடியுமுன், பத்தாங் காலியில் கூடாரமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மலைச்சரிவு இடிந்து விழுந்து 31 பேர் மாண்டார்கள். இடிந்த நேரத்தில் பெருமழை எதுவும் கொட்டவில்லை. அதற்கு முந்தைய நாள்களில் பெய்து மண்ணுக்குள் ஊறிய தண்ணீர்தான் சரிவைத் தளர்த்தியது. மழை நின்றுவிட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் துயரமான பாடம் வேண்டியதில்லை.

வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியவை

1. ஆற்றுக்கோ அருவிக்கோ குளிக்கப் போனால் காலையிலேயே போய், நண்பகலுக்குள் கரையேறிவிடுங்கள். ஆற்றின் பிறப்பிடமான மலைப்பக்கம் கறுத்திருந்தால், இங்கே வெயிலடித்தாலும் இறங்க வேண்டாம்.

2. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேற்புறம் இரைச்சல் கேட்டாலும் பையையும் செருப்பையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உயரமான கரைக்கு ஏறிவிடுங்கள்.

3. மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வெளிவேலையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். செம்பனை மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. குலை வெட்டும் நீளக் கம்பைக் கையில் பிடித்திருக்கவும் கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆனபிறகே வெளியே வரலாம்.

4. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால், பல நாள் மழைக்குப் பிறகு ஒரு சுற்றுப் பார்த்து வாருங்கள். புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, இதுவரை இல்லாத இடத்தில் சேற்றுநீர் ஊறுகிறதா? அப்படியானால் அன்றிரவு அங்கே படுக்க வேண்டாம். அக்கம்பக்கத்தாரையும் எழுப்பிவிட்டு நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 999.

5. மேட்டைச் சுற்றியுள்ள வாய்க்காலில் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வழி இருந்தால் அது வழியோடு போகும். இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கும்.

6. வானிலை ஆய்வுத் துறை தொடர்மழைக்கு மூன்று படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: 'வாஸ்பாடா', 'பூரோக்', 'பஹாயா'. வானொலியிலும் கைப்பேசியிலும் இந்தச் சொற்கள் வந்தால், படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும்.

மழை நமக்குப் பகையல்ல. மாரியல்லது காரியமில்லை. கேமரன் மலைச்சரிவில் தேயிலை துளிர்ப்பதும், நம் குழாயில் தண்ணீர் வருவதும் அந்த மேகங்களின் தயவால்தான். இனி மலைமுகட்டில் மேகம் கட்டும்போது பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "அதோ பார், காற்று ஏணி ஏறுகிறது" என்று சொல்லிக் கொடுங்கள். ஏணியின் உச்சியில் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை, அதன் அடியில் எப்போது விலகி நிற்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருக்கும்.